ஓட்டைகளைப் பூசி மறைக்காதேங்கோ

போன வருஷம் லண்டனில் அக்கா வீட்டில் மூன்று கிழமை நின்றேன். ஒரு நாள் மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எனக்கு ஒரு சுவரைக் காட்டினாள். சவுத் கென்சிங்டனில் இருக்கிற விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பக்கச் சுவர், எக்ஸிபிஷன் றோட்டைப் பார்த்த பக்கம். வெள்ளைக் கல் முழுக்கப் பள்ளமும் ஓட்டையும். சிலது விரல் போகிற அளவு, சிலதுக்குள்ளே அவள் தன் கையைப் பொத்தி முழுசாக விட்டுக் காட்டினாள். "மாமா, இது குண்டு விழுந்த இடம். எங்கட ரீச்சர் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவா" என்றாள். அவளுக்குப் பத்து வயது. பக்கத்திலேயே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்தச் சேதம் இரண்டாம் உலகப் போரில் எதிரி போட்ட குண்டால் வந்தது, நினைவுக்காக அப்படியே விட்டிருக்கிறோம் என்ற கருத்தில்.

அந்த நாட்டிடம் அந்தச் சுவரைப் பூசக் காசில்லாமல் இல்லை. பூச வேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். நான் அந்த இடத்தை விட்டு நகர அரை மணித்தியாலம் ஆனது. பிள்ளை பசிக்குது என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

ஏன் அப்படி நின்றேன் என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அம்மாவின் அலுமாரி ஒன்று இருக்கிறது, தேக்கு. 1995 ஐப்பசியில் சண்டையால் ஊரோடு வெளிக்கிட்டு, அடுத்த வருஷம் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக் கூரையில் பாதி இல்லை, அலுமாரி நின்ற இடத்திலேயே நின்றது. அதன் இடப்பக்கப் பலகையில் ஒரு ஓட்டை, பெருவிரல் அளவு, விளிம்பு கறுத்து உள்பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்திருந்தது. ஷெல் பீஸ். அம்மா ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து மேலே இருந்த சேலையை எடுத்து விரித்தா. ஒரே பீஸ், எட்டாக மடித்து வைத்திருந்த சேலைக்குள்ளால் போயிருக்கிறது. விரித்ததும் எட்டு ஓட்டை, அளவெடுத்துக் குத்தின மாதிரி சம தூரத்தில், ஒரே வரிசையில். அது அவவின் கூறைச் சேலை.

சரி, இதை வைத்துக்கொண்டு நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் முப்பது வருஷமாகக் கட்டட வேலை மேற்பார்க்கிறவன். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் பழைய இடங்களைப் பார்க்கப் போவேன். போகிற இடமெல்லாம் என் கண் முதலில் போவது சுவரில் இருக்கிற ஓட்டைக்குத்தான். ரோமில் கொலோசியத்தின் வெளிச்சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். கி.பி. 80இல் திறந்த கட்டடம். அதன் கற்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்க உள்ளே இரும்புக் கவ்விகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பேரரசு போய், இரும்புக்குத் தட்டுப்பாடு வந்த பிற்காலத்தில் சனம் கல்லைக் குடைந்து அந்த இரும்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் குடைசல்தான் இன்று தெரிகிற ஓட்டைகள். இது தெரியாத வரைக்கும் அது வெறும் பழைய சுவர். தெரிந்த பிறகு, இரும்புக்காகச் சுவரில் ஏறித் தொங்கின ஒரு ஏழை மனுஷன் அங்கே தெரிகிறான்.

கம்போடியாவில் அங்கோர்வாட்டில் இரண்டு விதம். கற்களில் வட்டமாக, ஒரே அளவில், பக்கம் பக்கமாக ஓட்டைகள் இருக்கும். பயணிகள் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அவை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் காலத்தில், குலேன் மலையில் இருந்து கொண்டுவந்த மணற்கல்லைத் தூக்கி அடுக்குவதற்காக மர முளை அடிக்கப் போட்ட ஓட்டைகள். உண்மையான சூட்டுத் தழும்புகளும் அங்கே இருக்கின்றன, எழுபதுகளின் சண்டையில் வந்தவை, ஒழுங்கில்லாமல், ஓரம் உதிர்ந்து. எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டிப் பொடியன் இரண்டையும் தொட்டுக் காட்டி, "இது கட்டின கை, இது உடைச்ச கை" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். திருப்பாற்கடல் கடைகிற அந்த நீளச் சிற்பச் சுவரையும் பார்த்தேன், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நான் எல்லோருக்கும் சொன்னது இந்த ஓட்டைக் கதையைத்தான்.

இப்போது எங்கள் கோட்டைக்கு வாருங்கள். பண்ணைக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து மூலைக் கோட்டையாக்கி, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1621இல் போர்த்துக்கேயர் இடித்த நல்லூர்க் கோயிலின் கல்லும் அதற்குள்ளே போயிற்று என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தோம். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்று அங்கிருந்து கிடைத்ததைப் பேராசிரியர் இந்திரபாலா படித்து எழுதியிருக்கிறார். 1990இல் கோட்டைக்குள் இருந்த இராணுவத்தைப் புலிகள் வளைத்த முற்றுகை, அதற்குப் பிறகு நடந்த இடிப்பு, ஒல்லாந்தர் 1706இல் கட்டின தேவாலயம் தரைமட்டமானது, இதெல்லாம் என் வயதுக்காரர் கண்ணால் கண்டது.

அந்தக் கோட்டைக்கு இந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அதே மருமகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரில் முருகைக்கல், அதுதான் பவளப்பாறைக் கல், வெளியே தெரிகிற ஓர் இடத்தில் நின்று தடவிப் பார்த்தாள். முருகைக்கல்லைக் கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் கடலுக்குள்ளே உயிரோடு இருந்தது, சின்னச் சின்ன நட்சத்திரம் போலக் கண்கள் கல் முழுக்க இருக்கும். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போய் ஒரு பள்ளத்தில் நின்றாள். "மாமா, இதுவும் முருகைக்கல்லின்ர ஓட்டையா, இல்லாட்டி குண்டா?"

எனக்குத் தெரியவில்லை. கட்டட வேலைக்காரன், இந்த ஊர்க்காரன், அந்த முற்றுகை நாட்களில் கோட்டைக்குப் பக்கத்து முற்றவெளிப் பக்கம் புகை எழும்புவதைப் பார்த்தவன். ஆனால் 1990இல் வந்த ஓட்டையா, உப்புக்காற்று அரித்ததா, பிறகு யாராவது கல் பிடுங்கினதா என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. நாங்கள் நின்ற இடத்தில் அதைச் சொல்ல ஒரு வரி எழுத்தும் இல்லை. லண்டன் சுவரில் அவள் எனக்குச் சொல்லித் தந்தாள். என் ஊர்ச் சுவரில் நான் அவளுக்கு வாய் திறக்கவில்லை. இதுதான் என்னை எழுத வைத்தது.

திருத்த வேலை நடந்தது நல்லது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒல்லாந்து அரசும் காசு கொடுத்தது. விழுகிற சுவரை நிமிர்த்தத்தான் வேண்டும். ஆனால் நிமிர்த்துவது வேறு, நடந்ததைத் துடைப்பது வேறு. பெர்லினில் நொயெஸ் மியூசியம் என்று ஒன்று, போரில் உடைந்து பல பத்து வருஷம் பாழாகக் கிடந்தது. 2009இல் திரும்பத் திறந்தார்கள். இல்லாமல் போன பகுதியைப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள், புதுசு என்று தெரிகிற மாதிரியே கட்டியிருக்கிறார்கள், சூடு பட்ட தூண்களைச் சூடு பட்டபடியே விட்டிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை அது. எங்கள் ஆட்களிடம் அந்தக் கை இல்லையா? இருக்கிறது. கேட்கிறவன் இல்லை.

தொழில்காரனாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கோபிக்க வேண்டாம். முருகைக்கல் மென்மையான கல், ஈரத்தைக் குடித்து ஈரத்தை வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அதோடு சேர்ந்து மூச்சு விடும். அதன் மேலே சீமெந்தைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, பூச்சு நன்றாக இருக்கும், கல் உள்ளுக்குள்ளே மாவாகும். பழைய நாற்சார் வீடு, மடம், கேணி எதுவானாலும் இதுதான் கணக்கு. நானும் சமாதான காலத்தில் ஒவ்வொரு வீடாகப் போய் ஷெல் ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்து, தேய்த்து, பெயின்ற் அடித்துக் கொடுத்தவன். அப்போது வீட்டுக்காரர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்கிறேன், அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். குடியிருக்கிற வீடு வேறு. ஊருக்குப் பொதுவான சுவர் வேறு.

"உதைப் பார்த்துப் பார்த்து அழவோ?" என்று கேட்பவர்கள் உண்டு. என் பெரியம்மாவே கேட்பா. அந்தக் கேள்வியை நான் தள்ளவில்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்குக் கிட்ட எலும்புக்கூடாக நின்ற அந்தக் குவிமாடக் கட்டடத்தை இடித்துவிடச் சொன்னவர்களும் அந்தக் குண்டில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள்தான். இருபது வருஷத்துக்கு மேல் இழுபட்டு, 1966இல்தான் மாநகர சபை அதைக் காப்பது என்று தீர்மானித்தது. 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இருபது வருஷம் பேசினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நாங்கள் பேசவே இல்லை. எங்கள் யாழ்ப்பாண நூலகத்தையே பாருங்கள், 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்த இடம். திருத்தும்போது எரிந்ததை அப்படியே விடுவதா, புதுப்பிப்பதா என்று ஒரு வாதம் வந்தது, அதுவும் கொஞ்சப் பேருக்குள்தான். இன்று தெருவில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு அது வெள்ளை வெளேரென்ற அழகான கட்டடம், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய காசு இல்லை. கோட்டையில் ஒரு பத்தடிச் சுவரைத் தொடாமல் விடுங்கள். இது இன்ன வருஷம், இன்னது பட்டது என்று தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சிகிரியாவுக்கு பஸ்ஸில் ஏற்றுவதற்கு முதல் ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு வந்து, பண்ணையிலும் கொட்டடியிலும் அந்த நாட்களில் இருந்த ஒரு அப்புவைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவின் அலுமாரி இத்தனை வருஷமும் ஓட்டைப் பக்கம் சுவரோடு ஒட்டினபடிதான் நின்றது, வருகிற சனம் பார்க்கக் கூடாது என்று அவதான் அப்படித் தள்ளி வைத்தா. மருமகள் லண்டனுக்கு வெளிக்கிட முதல் நாள், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, நானும் தம்பியுமாக அதைச் சுவரில் இருந்து இழுத்துத் திருப்பி வைத்தோம். பிள்ளை விரலை விட்டுப் பார்த்தாள். அம்மா கட்டிலில் இருந்தபடி, "பொறு, சேலையை எடுத்துக் காட்டிறன்" என்றா.