பஞ்சுப் பனியும் உப்பு போட்ட ஐஸும்

டிசம்பர் பிறந்துவிட்டால் முகநூலில் மழலையர் பள்ளிகளின் ‘குளிர்கால வார’ப் படங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடுகின்றன. கேரட் மூக்கு வைத்த தெர்மாகோல் பனிமனிதன், தரையெங்கும் இறைந்து கிடக்கும் பஞ்சு, சுவரில் எட்டுக் கைகளோடு ஒட்டப்பட்ட வெள்ளைக் காகித நட்சத்திரங்கள், இவற்றின் நடுவே கம்பளித் தொப்பியும் கையுறையும் அணிந்து நெற்றி வியர்க்க நிற்கும் நான்கு வயதுக் குழந்தைகள். அந்தப் படங்களைப் பார்த்து மகிழும் பெற்றோரின் மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கம் அன்று. கடற்கரைக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை என்ற முறையில், அந்தப் பஞ்சைப் பற்றிச் சில சொற்கள் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பஞ்சு உலர்ந்தது, வெதுவெதுப்பானது. உருகாது, வழுக்காது, பிடித்திருக்கும் கையை மரத்துப்போகச் செய்யாது. பனியைப் பற்றி ஒரு குழந்தை அறிந்துகொள்ளத் தக்கவை எவையோ அவை எல்லாம் பஞ்சில் இல்லை. மிஞ்சுவது வெண்மை மட்டும்தான். அந்த வெண்மையும் எப்படி வந்தது என்று கேட்டால் பஞ்சிடம் விடை கிடையாது. நம் ஊரில் வானத்திலிருந்து பனி விழாது என்பது உண்மையே. ஆயினும் ஐஸுக்குப் பஞ்சமில்லாத நாடு இது. என் வகுப்பில் பாதிக் குழந்தைகளின் வீட்டில் யாராவது ஒருவர் கடலுக்குப் போகிறார். படகில் ஏற்றும் ஐஸைப் பற்றி அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. பெரிய ஐஸ் கட்டியின் நடுப்பகுதி மட்டும் ஏன் பால்போல் வெளுத்திருக்கிறது என்று முதன்முதலில் என்னைக் கேட்டவன் ஒரு நான்காம் வகுப்பு மாணவன். நீர் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று நடுவே ஒதுக்கப்பட்டுக் குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது என்பதை அன்று இரவு படித்துத்தான் மறுநாள் அவனுக்குச் சொன்னேன்.

இதில் நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பனி’ என்ற ஒரே சொல்லை நாம் எத்தனை பொருள்களுக்குப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மார்கழி விடியலில் புல்லின்மேல் நிற்கும் துளி பனி. கண்ணை மறைக்கும் புகைபோன்ற மூட்டம் பனி. ‘பனியில நிக்காத, சளி பிடிக்கும்’ என்று பாட்டி சொல்லும்போது அது இரவின் ஈரக்குளிர். ஊட்டியில் புல்வெளியை வெளுக்கச் செய்வதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டுக்குப் பெயரிட்ட நம் முன்னோர்கள் மனத்தில் கொண்டது இந்த நிலத்துக் குளிரையும் துளியையுமே. இத்தனை பொருள்களோடு வகுப்புக்கு வரும் குழந்தையிடம் ‘காஷ்மீரில் பனி பொழிகிறது’ என்ற பாடவரியைப் படிக்கச் சொன்னால், அவள் மனத்தில் விழுவது மார்கழித் துளிதான். ஒருமுறை நான் விசாரித்தபோது, அங்கே எல்லோரும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு நடப்பார்கள் என்று ஒரு சிறுமி மிகுந்த நம்பிக்கையோடு விளக்கினாள்.

இந்த முடிச்சை விளக்கத்தால் அவிழ்க்கப் பல ஆண்டுகள் முயன்று தோற்றபின், இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டு அவிழ்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் டம்ளரில் ஐஸ் துண்டுகளும் கொஞ்சம் நீரும். இரண்டாவதில் நன்றாக நொறுக்கிய ஐஸும், அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கல்லுப்பும் சேர்த்துக் கிளறிய கலவை. இரண்டின் வெளிப்புறத்தையும் துணியால் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று சொல்லிவிடுவேன். சில நிமிடங்களில் முதல் டம்ளரின் வெளியே முத்து முத்தாக நீர் துளிர்த்து வழியும். இரண்டாவதன் வெளியேயும் முதலில் ஈரம் படரும். பிறகு அது மங்கி, வெளுத்து, விரல்நகத்தால் சுரண்டி எடுக்கக்கூடிய ஒரு வெள்ளைப் படலமாக மாறிவிடும். முதலாவது மார்கழிப் பனி, இரண்டாவது ஊட்டி உறைபனி. இவற்றை அருகருகே பார்த்த குழந்தை அதன்பின் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

முதல்முறை இதைச் செய்தபோது எனக்கு உறைபனி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐஸைப் பெரிய துண்டுகளாகவே போட்டு, உப்பை மேலே தூவி விட்டிருந்தேன். துண்டுகள் டம்ளரின் சுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொட்டன. ‘ஐஸ் கம்பெனியில உப்புத்தண்ணித் தொட்டியிலதான் டீச்சர் டின்ன இறக்குவாங்க’ என்று ஒருவன் பின்வரிசையிலிருந்து சொன்னான். அவன் சொன்னது சரியே; ஐஸ் தொழிற்சாலையில் நீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை, சுழியத்துக்குக் கீழே குளிரூட்டியும் உறையாமல் நிற்கும் உப்புநீரில்தான் இறக்கி வைக்கிறார்கள். உப்பு கலந்த நீரின் உறைநிலை தாழ்ந்துவிடுகிறது. ஐஸோடு சமையல் உப்பு தக்க அளவில் கலந்தால் அந்தக் கலவை ஏறத்தாழ மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கக்கூடும். குல்ஃபி விற்பவரின் பானைக்குள் இருக்கும் வித்தையும் இதுவே. நொறுக்கிப் போடச் சொன்னதும் அந்தப் பையன்தான்.

வெளியே படிந்த நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் வகுப்பு சூடு பிடிக்கும். டம்ளரில் ஓட்டை இருக்கிறது என்பார்கள், ஐஸ் கசிகிறது என்பார்கள். மறுத்துப் பேசாமல், உள்ளே ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலந்து மறுபடி வைத்தால் போதும். வெளியே நிற்கும் துளியில் மஞ்சள் இல்லை. ‘அப்ப தண்ணி காத்துலயா இருந்துச்சு?’ என்று ஒரு குழந்தை தானாகக் கேட்கும் வரை நான் வாயைத் திறக்காமலிருக்கப் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஆசிரியர்களுக்கு மௌனம் எளிதில் கைவருவதில்லை. ஒரு வருடம் அவசரப்பட்டு நானே விடையைச் சொல்லிவிட்டேன். குழந்தைகள் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கேட்டபோது மறுபடியும் டம்ளரில் ஓட்டை என்றார்கள்.

இன்னொரு செயல்பாடு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே அளவுள்ள மூன்று கிண்ணங்களில் நீரை உறையவைத்து மூன்று கட்டிகள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தட்டில் திறந்தபடி வைத்து, மற்றொன்றைக் கம்பளிச் சால்வையில் சுற்றி, மூன்றாவதைத் தச்சுப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த மரத்தூளில் புதைத்துவிட்டு, எது முதலில் உருகும் என்று கை தூக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று பேர் நீங்கலாக வகுப்பு முழுவதும் கம்பளிக்குத்தான் கை தூக்கும். ‘போர்வை போத்துனா ஐஸுக்கு வேர்த்து உருகிரும்லா டீச்சர்’ என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் தவறு ஒன்றும் இல்லை. போர்வை சூடு தரும் என்று நாமே தினமும் அவர்களிடம் சொல்லி வளர்த்திருக்கிறோம். மதிய உணவு முடிந்து வந்து பார்க்கும்போது தட்டில் நீர் மட்டும் கிடக்க, சால்வைக்குள்ளும் மரத்தூளுக்குள்ளும் இளைத்துப்போன கட்டிகள் இன்னும் இருக்கும். போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளிருப்பதை வெளியேயும் வெளியிலிருப்பதை உள்ளேயும் விரைவில் விடாமல் தடுக்கிறது என்ற இடத்துக்கு அவர்கள் அதன்பின் தாங்களே வந்துவிடுகிறார்கள்.

அப்போதுதான் சென்னை ஐஸ் ஹவுஸின் கதையைச் சொல்வேன். அதற்கு முன் சொன்னால் அது வெறும் கதையாகப் போய்விடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர், அந்தப் பகுதியின் குளங்களும் ஏரிகளும் குளிர்காலத்தில் உறைந்ததும் அவற்றை ஆட்களைக் கொண்டு கட்டி கட்டியாக அறுத்தெடுத்து, மரத்தூள் இட்டுக் கப்பலில் அடுக்கி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் ஏறத்தாழ 180 டன் ஐஸ் ஏற்றப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணத்தில் வெப்பமண்டலத்தைக் கடந்து வந்த பிறகும் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அந்த ஐஸைச் சேமித்து வைக்க 1842இல் கட்டப்பட்ட கட்டடந்தான் இன்று மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. காலையில் மரத்தூளுக்குள் கையை விட்டு ஐஸைத் தேடியெடுத்த குழந்தைக்கு அந்தக் கப்பல் உடனே புரிந்துவிடுகிறது. ஐஸ் ஏற்றிவரும் படகில் தன் அப்பாவும் இதைத்தான் செய்கிறார், தூளுக்குப் பதில் தெர்மாகோல் பெட்டி என்று ஒருத்தி சொன்னாள். தெர்மாகோலுக்குப் பனிப்பாடத்தில் உரிய இடம் அதுதான் என்று எனக்கும் தோன்றியது.

சரி, வானத்திலிருந்து விழும் பனியை என்ன செய்வது? இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். அதை நம் வகுப்பறையில் உண்டாக்க முடியாது. அதன் ஒரு பண்பை மட்டும் காட்டலாம். கண்ணாடிபோல் தெளிந்த ஐஸ் கட்டி ஒன்றைத் தேங்காய்த் துருவியில் துருவச் சொல்லுங்கள். தெளிந்த பொருளிலிருந்து வெள்ளைப் பூவாகக் கொட்டும். நிறம் எங்கிருந்து வந்தது? யாரும் எதையும் கலக்கவில்லை. எண்ணற்ற சிறு பரப்புகளில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறுவதால் நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. பனிக்குவியலின் வெண்மையும் இப்படி வந்ததே. அந்தத் துருவலை ஒரு டம்ளர் நிறைய அழுத்தாமல் இட்டு உருக விட்டால், அடியில் கொஞ்சம் நீர்தான் தேறும், மீதியெல்லாம் காற்று. ஆனால் துருவல் என்பது உடைந்த ஐஸ், பனித்துகள் அப்படி உடைந்து பிறந்தது அன்று. மேகத்துக்குள் நீராவி நேராகப் படிகமாகப் படிந்து வளர்ந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் நாமும் பஞ்சுக் கட்சியில் சேர்ந்துவிடுவோம்.

படிகத்துக்குப் படங்கள் போதும். வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற ஊரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, நுண்ணோக்கியோடு இணைத்த கேமராவால் 1885 சனவரியில் ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பனி விழும் ஊர்க் குழந்தைகள் முன்கூட்டியே குளிரவைத்த கருப்புத் துணியை வெளியே நீட்டி, விழும் துகளை உருப்பெருக்கியால் பார்க்கிறார்கள். நம் குழந்தைகள் படத்தைப் பார்த்து மூலைகளை எண்ணலாம். எண்ணிக்கை ஆறு; நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கப்படுவதால் எப்போதும் அந்த ஒழுங்கே வரும். காகிதத்தை ஆறாக மடிக்க 60 பாகைக் கோணம் வேண்டும், அதற்குப் பாகைமானி வேண்டும், ஆகவே கணக்குப் பாடமும் உள்ளே வந்துவிடுகிறது. எட்டாக மடித்து வெட்டுவது எளிது என்பதற்காகச் சுவரெங்கும் எட்டுக் கைப் பனித்துகள்களை ஒட்டும் பள்ளிகள் மீது எனக்குள்ள கோபம் சற்று மிகையானது என்று என் கணவர் சொல்கிறார்; இருக்கலாம்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். விளிம்பு வரை நீர் நிறைந்த டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர் வழியுமா, டம்ளரின் மேல் வைத்த வலையில் இருக்கும் ஐஸ் உருகினால் வழியுமா என்ற இரண்டு கேள்விகளில் ஆர்க்டிக் கடல் பனிக்கும் கிரீன்லாந்து நிலப்பனிக்கும் உள்ள வேறுபாடு அடங்கிவிடுகிறது; முதலாவதில் வழியாது, இரண்டாவதில் வழியும். மணலும் சிறு கற்களும் அடியில் உறைந்த ஐஸ் கட்டியைத் துணி சோப்பின் மீது அழுத்தி இழுத்தால், மலையில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளான பனியாறு பாறையைக் கீறும் விதம் கீறலாகவே கிடைக்கிறது.

இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கும் சக ஆசிரியர்களின் கேள்வி நியாயமானது. மூன்று பாடவேளைகள் போய்விடும் என்பதை நான் மறைக்கவில்லை. 2022 நவம்பரில் தொடங்கிய தமிழக அரசின் வானவில் மன்றத் திட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுவருகிறது. தொடக்க வகுப்புகளில் நாமேதான் நேரத்தைத் திருட வேண்டியிருக்கிறது. பணம் ஒரு பொருட்டே இல்லை. பாதுகாப்பு மட்டும் பொருட்டு. உப்பிட்ட ஐஸைக் குழந்தைகள் கையில் வைத்திருக்கக் கூடாது, தோலை அது புண்ணாக்கிவிடும். மீனுக்கான ஐஸை வாயில் போடக் கூடாது. திருமண மண்டபங்களில் புகை கிளப்பும் ‘டிரை ஐஸ்’ உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரிக் குளிர்; வேடிக்கைக்காகக்கூட அதை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, நீலகிரியில் பணிபுரியும் ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். தலைகுந்தாப் பக்கம் உறைபனி விழுகிறது என்று செய்தி வரும் சனவரி விடியலில், வெயில் ஏறுவதற்கு முன், ஒரு புல்லையோ இலையையோ மிக அருகில் படமெடுத்து அனுப்புங்கள். வெள்ளை இலையின் மேற்பக்கம் இருக்கிறதா, அடிப்பக்கம் இருக்கிறதா, மரத்தடிப் புல்லிலும் திறந்த வெளிப் புல்லிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்பது என் ஐந்தாம் வகுப்பின் கேள்வி. இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் இன்னும் விடை சொல்லவில்லை.