டேங்கில் கிடந்த பழைய டீசல் பற்றி

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில் ஆறு வருடமாக நிற்கும் டிராக்டருக்கு, 'டீசல் கெடவே கெடாது, பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு டேங்கில் இருப்பதை வைத்தே ஸ்டார்ட் செய்யலாம்' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பெட்ரோல் மாதிரி டீசல் சட்டென்று ஆவியாகாது என்பது உண்மைதான். ஆனால் பாதி காலியான டேங்கில் காற்று இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது. நம் மேல்மலைப் பனியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரவுக் குளிரில் அந்த ஈரம் டேங்கின் உள்சுவரில் நீராகப் படிந்து அடியில் சேரும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக வழவழவென்று ஒரு கசடு உண்டாகும். அது ஃபில்டரை அடைக்கும். தண்ணீரோ டீசல் பம்ப்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் துருப்பிடிக்க வைக்கும். அந்தப் பம்ப்புக்குள் பல பாகங்களுக்கு உராய்வைக் குறைக்கும் உயவே டீசல்தான்.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டேங்கின் அடி வடிகால் திருகைக் கழற்றி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம்தான், தண்ணீரை விட இலேசு; அதனால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். சந்தேகமா? இரண்டு சொட்டு பீட்ரூட் சாறு விடுங்கள் (அதற்கா நம் ஊரில் பஞ்சம்!). சாயம் தண்ணீரில் மட்டும்தான் கலக்கும்.

தண்ணீரோ கசடோ தெரிந்தால் டேங்கை முழுக்க வடித்துக் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றி ஏர் எடுத்த (டீசல் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றிய) பிறகு சாவியைத் திருப்புங்கள்.