யாரும் பார்க்காத தவளைகளை ஒரு பல்கலைக்கழகம் ஏன் காக்க வேண்டும்?

பல்கலைக்கழகங்களில் இடமும் பணமும் போதவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஆல்கஹால் ஜாடிகளில் தவளைகளும் பாம்புகளும் அடுக்கப்பட்டிருக்கும் அறைகள்தான் முதலில் நிர்வாகத்தின் கண்ணை உறுத்துகின்றன. ‘இவற்றை எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள்?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவேன்.

அந்தக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் டைரனோசாரஸ் எலும்புக்கூட்டின் வார்ப்பு ஒன்று நிற்கிறது. அது தொல்லுயிரியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. வருபவர்கள் அதை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே கட்டடத்தில்தான் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இருவாழ்விகளும் ஊர்வனவும் ஜாடிகளில் இருக்கின்றன. ஆண்டுதோறும் வரும் திறப்பு நாளைத் தவிர அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆராய்ச்சிக்கென்றே வைக்கப்பட்ட சேகரிப்பு அது.

ஹவாய் சர்க்கரைத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த ஆனி அலெக்சாண்டர் 1908இல் தம் சொந்தப் பணத்தில் அதைத் தொடங்கி வைத்தார். தாமே காடு மலை ஏறி விலங்குகளைச் சேகரித்தவர் அவர். முதல் இயக்குநரான ஜோசப் கிரின்னல், இந்தச் சேகரிப்பின் உண்மையான மதிப்பு பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே தெரியவரும் என்று 1910இலேயே எழுதினார். வரப்போகும் ஆராய்ச்சியாளருக்காகச் சேர்க்கிறோம் என்ற தெளிவு அவருக்கு அன்றே இருந்தது.

ஜாடியில் இருக்கும் ஒரு தவளையை எடுத்துக்கொள்வோம். விரல்கள் ஒட்டிக்கொள்ளாதபடி ஒவ்வொன்றாகப் பிரித்து, கால்களை மடக்கி, தட்டில் கிடத்தி, ஃபார்மலினில் இறுகவைத்து, பிறகு நீரில் அலசி எழுபது விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றியிருப்பார்கள். இப்போதெல்லாம் ஃபார்மலின் படுவதற்கு முன்பே ஈரலில் ஒரு சிறு துண்டை எடுத்து, மரபணு ஆய்வுக்காக உறைநிலையில் வைக்கிறார்கள். நூலால் உடலோடு கட்டிய சிறிய சீட்டில், ஆல்கஹாலில் கரையாத மையால் எழுதிய எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் களக்குறிப்பேடு வரும்: எந்த மலை, எவ்வளவு உயரம், எந்த நாள், யார் பிடித்தது, கல்லுக்கு அடியிலா மரத்தின் மேலா. இந்த எண் அறுந்துபோனால் மிஞ்சுவது வெறும் உடல்தான்.

இவை எதற்குப் பயன்பட்டன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1980களின் இறுதியில் உலகின் பல மூலைகளில் தவளைகள் மறைந்துகொண்டிருந்தன. கோஸ்டா ரிகாவின் மோன்டேவெர்டேயில் வாழ்ந்த பொன்னிறத் தேரையை 1989க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டதோ 1999இல்தான். அது எப்போது எந்த ஊருக்கு வந்தது என்று கேட்டால், செத்து மட்கிய தவளைகளிடம் பதில் இல்லை. ஜாடிகளில் இருந்தவற்றிடம் இருந்தது. டினா செங், ஷான் ரோவிட்டோ, டேவிட் வேக், வான்ஸ் விரெடன்பர்க் ஆகியோர் பழைய மாதிரிகளின் தோலைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, பூஞ்சையின் மரபணுத் தடயத்தைத் தேடினார்கள். ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும் என்பதால் இது எளிய வேலை அல்ல. 2011இல் வெளியான அவர்களின் முடிவின்படி, பூஞ்சை 1970களில் தெற்கு மெக்சிகோவிலும், அதன் பின்னர் குவாத்தமாலாவிலும், 1987இல் மோன்டேவெர்டேயிலும் தென்படுகிறது. சாலமாண்டர்களும் (வாலுள்ள இருவாழ்விகள்) தவளைகளும் குறைந்த காலமும் அதுவே.

அந்த மாதிரிகளில் பலவற்றைப் பிடித்தவர்கள் அப்படி ஒரு பூஞ்சை இருப்பதையே அறியாதவர்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு முந்தைய ஆண்டுகளின் மாதிரிகளில் பூஞ்சை தென்படவில்லை என்பது. ஒரு விலங்கில் நோய் இல்லை என்பதை வைத்து அந்த மலையிலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே இடத்தில் பிடித்த பல விலங்குகள் வேண்டும். ‘ஒரே இனத்தில் எதற்கு இத்தனை?’ என்ற வழக்கமான கேள்விக்கு இதுதான் விடை.

இதற்காக உயிர்களைக் கொல்லலாமா என்று கேட்பவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. அருகிவரும் சிற்றினங்களைப் பொறுத்தவரை, படமும் குரல்பதிவும் தோல் துடைப்பும் போதுமென்றால் அவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏற்கெனவே உயிரைக் கொடுத்துவிட்ட மாதிரிகளைப் பேணாமல் விடுவதற்கு அந்த உறுத்தல் காரணமாக முடியாது. அவற்றை இன்னும் கவனமாகக் காக்க அதுவே காரணமாக வேண்டும்.

டியூக் பல்கலைக்கழகம் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் கொண்ட தன் உலர்தாவரச் சேகரிப்பை மூடப்போவதாக 2024இல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பல்லாயிரக்கணக்கான பாம்புகளையும் சாலமாண்டர்களையும் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. ஏற்க ஒருவர் இருந்ததால் அவை தப்பின. எல்லாவற்றையும் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு ஜாடிகளைக் கழித்துவிடலாம் என்பதும் சரியான யோசனை அல்ல. ஸ்கேன் எலும்பை அருமையாகக் காட்டும். இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதால் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் ஸ்கேனின் மேல் பஞ்சுக்குச்சியைத் தேய்க்க முடியாது.

நம் கல்லூரிகளின் விலங்கியல் துறை அலமாரிகளிலும் இப்படிப்பட்ட ஜாடிகள் இருக்கின்றன. பலவற்றில் விலங்கின் பெயர் மட்டுமே ஒட்டியிருக்கும். ஊரும் நாளும் இருக்காது. ஆனால் எங்கோ ஒரு பழைய இருப்புப் பதிவேட்டில் அந்த விவரம் இருக்கக்கூடும். விலங்கியல் துறையில் பணியாற்றும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பதிவேட்டைத் தேடி எடுங்கள், ஜாடியோடு ஒப்பிட்டு, ஊர், நாள், பிடித்தவர் பெயர் மூன்றையும் புதுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள், ஆல்கஹால் குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.