'வேலை' என்று ஒரு சொல்

அக்கா பையன் பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு காபித்தூள் பொட்டலம் கொண்டுவந்தான். மேலே 'ருவாண்டா' என்று போட்டிருந்தது. "ஏற்காட்டுக்காரனுக்கே காபி வாங்கிட்டு வர்றியாடா" என்று கிண்டல் செய்தாலும் போட்டுக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. 1994இல் அங்கே நடந்த இனப்படுகொலைதான் நினைவுக்கு வந்தது.

ஆப்பிரிக்காவில் இருந்தாலும் அதுவும் நம்மைப் போல மலைநாடு. சரிவெல்லாம் காபி, சின்னச் சின்ன விவசாயிகள். 1989 ஜூலையில் சர்வதேச காபி ஒப்பந்தம் முறிந்து விலை பாதியாகச் சரிந்தது. இங்கே காபி போர்டு கொள்முதலை நம்பி அப்பா முனகிக்கொண்டே காலம் தள்ளினார். அங்கே நாடே காபியை நம்பி இருந்தது. அடுத்த வருஷம் உள்நாட்டுப் போரும் வந்துவிட்டது. அதற்காகக் காபி விலைதான் கொன்றது என்று சொல்ல வரவில்லை. விலை விழுந்த ஊரெல்லாம் வெட்டிக்கொண்டா சாகிறது? அதற்கு ஆளைத் தயார் பண்ண வேண்டும்.

பண்ணினார்கள். பெல்ஜியம் ஆண்ட 1930களிலேயே அடையாள அட்டையில் பெரும்பான்மை ஹுட்டுவா, சிறுபான்மை டுட்சியா என்று எழுதிக் கொடுத்தாயிற்று. பிற்பாடு ஹுட்டு வெறியர்கள் நடத்திய ஆர்டிஎல்எம் வானொலி டுட்சிகளைக் கரப்பான் பூச்சி என்றது. கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலை'. எங்கள் தோட்டத்தில் மழைக்கப்புறம் களை வெட்ட ஆள் இறங்கும் நாளில், விடியும்போதே கொடுவாளைக் கல்லில் தீட்டும் சத்தம் கேட்கும். கட்டைவிரலால் கூர் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போலாமா" என்பார்கள். அதே சொல்தான். 1994 ஏப்ரல் 6 இரவு ஹுட்டு இனத்து அதிபர் ஹப்யாரிமானாவின் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதிலிருந்து சுமார் நூறு நாளில் 8 லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் டுட்சிகள். ருவாண்டா அரசின் கணக்கு 10 லட்சத்துக்கும் மேல். வெட்டியவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

உலகத்துக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அங்கிருந்த ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர் ஜனவரி 11ஆம் தேதியே ஆயுதப் பதுக்கல் பற்றி நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்துக்கு எழுதினார், கைப்பற்றப் போகிறேன் என்றார். கூடாது என்று பதில் வந்தது. தலைநகர் கிகாலியில் ஒரு பள்ளிக்கூடத்தில், அந்த ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்களை நம்பி சுமார் 2,000 பேர் தஞ்சம் இருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறினார்கள். ஜனங்கள் வண்டியை மறித்துக் கெஞ்சியிருக்கிறார்கள். வெளியே கொலைகாரர்கள் காத்திருந்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதுகாப்பு அவை கூடியது. இருந்த படையை 270 பேராகக் குறைத்தது! அந்த அவையில் அப்போது, கொலைக்குப் பின்னால் நின்ற ருவாண்டா அரசும் ஓர் உறுப்பினர். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.

ஜூன் மாதத்தில்கூட அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு 'இனப்படுகொலை' என்று சொல்ல வாய் வரவில்லை. 'இனப்படுகொலைச் செயல்கள்' என்றார்கள். முழுதாகச் சொன்னால் 1948 இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கைப்படி தடுக்க இறங்க வேண்டுமே. எத்தனை செயல் சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை என்று ஒரு நிருபர் கேட்டே விட்டார்.

எல்லாம் முடிந்தபின் தான்சானியாவின் அருஷாவில் ஐ.நா. நீதிமன்றம் வைத்தார்கள். 1998இல் அகாயேசு என்ற மேயர் மீதான வழக்கின் தீர்ப்பில் பாலியல் வன்முறையும் இனப்படுகொலையாகலாம் என்று எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவி பிள்ளை, டர்பன் தமிழ்க் குடும்பத்துப் பெண். 2003இல் அந்த வானொலியை நடத்தியவர்களைத் தண்டித்த அமர்வுக்குத் தலைமையும் அவர்தான். 'நம்ம தமிழச்சி' என்று இதைப் பெருமையாகப் பகிர்வோம். நானும் பகிர்ந்திருக்கிறேன்.

2009 மே மாதம் இங்கே சீசன். ஏரிப் பக்கம் மிளகும் காபித்தூளும் விற்கும் கடை வைத்திருந்தேன். முள்ளிவாய்க்காலில் நடந்துகொண்டிருந்ததற்குக் கொழும்பு வைத்திருந்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. 16ஆம் தேதி, ஓட்டு எண்ணிக்கை. கடை டிவியில் அந்தச் செய்தி வந்தது. தார்ப்பாய்க் கூடாரங்கள், புகை. "அண்ணே, ரிசல்ட் போடுங்க" என்றார் சேலத்திலிருந்து வந்த ஒருவர், கையில் கால் கிலோ மிளகோடு.

மாற்றினேன். சில்லறையும் கொடுத்தேன்.