கதவு உள்ள அறை யாருக்கு?

மார்ச் வந்தால் போதும். "அந்த ஊரடங்கு நாட்கள் மாதிரி வருமா, குடும்பமே ஒண்ணா உட்கார்ந்து சிரிச்ச காலம்" என்று யாராவது பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். போடட்டும், என் போனிலும் அப்படிச் சில இருக்கின்றன. கேரம் போர்டு, தாயக்கட்டம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எதிலும் நான் இல்லை. அந்த நேரத்துக்கு அடுப்படியில் இருந்திருப்பேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி, கல்லூரி மூடப்பட்டதாக யுனெஸ்கோ சொன்னது. அதில் ஒருவன் எங்கள் வீட்டில், மூன்றாம் வகுப்பு. அவனோடு நான், கணவர், மாமியார். எனக்கும் கணவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அத்தையின் அறையில் விடிந்ததிலிருந்து செய்திச் சேனல். மிச்சமிருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக்கூடிய அறை ஒன்றே ஒன்று.

முதல் நாள் காலையிலேயே கணவர் லேப்டாப்போடு அதற்குள் போய்விட்டார். பேச்சு இல்லை, சண்டை இல்லை, அது பாட்டுக்கு நடந்தது. "எனக்கு ஆபீஸ் கால் இருக்கு" என்றார். எனக்கும்தான் இருந்தது. நான் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம், பையன் இன்னொரு பக்கம். அவன் காதில் ஹெட்போன் நிற்காது. அவன் டீச்சர் "எல்லாரும் மியூட் பண்ணுங்க" என்று கத்துவது என் மேனேஜருக்குக் கேட்கும், என் மேனேஜர் சலித்துக்கொள்வது டீச்சருக்குக் கேட்கும். இலவச ஜூம் 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த ஒரே தொழில்நுட்ப வசதி அதுதான்.

ஒரு கதவுக்கு இத்தனை மரியாதையா என்று அப்போதுதான் பார்த்தேன். சாத்தியிருந்தால் "அப்பா வேலையா இருக்கார்டா, சத்தம் போடாதே". கதவில்லாத இடத்தில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறவள் சும்மா இருப்பவள். பென்சில் சீவ அம்மா, வைஃபை போனால் அம்மா, ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப அம்மா. பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணால் ஒருவனுக்குப் பதில் சொல்லி, வாயால் இன்னொருவருக்குப் பதில் சொல்லப் பழகினேன்.

பயத்துக்கும் தனியாக ஒரு வேலைப் பட்டியல் இருந்தது, நினைவிருக்கிறதா? வைரஸ் பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24 மணி நேரம் வரை இருக்கலாம் என்று அந்த மார்ச்சில் ஓர் ஆய்வகச் சோதனை வந்தது. அவ்வளவுதான். வாங்கி வந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, வாசலோரம் காயவைக்க வேண்டும். செய்தியைப் பார்த்து உத்தரவு போட்டது அத்தை, தலையாட்டியது கணவர், கழுவியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அசுத்தமான பரப்பை ஒருமுறை தொட்டு நோய் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னபோது 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. என் கை அதற்குள் உப்புத்தாள் போல ஆகியிருந்தது.

இது கொரோனா கொண்டுவந்த வழக்கம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-லேயே கணக்குப் போட்டிருக்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலை, பராமரிப்பு வேலைக்கு உலக சராசரியில் பெண்கள் நாளுக்கு 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். முன்பெல்லாம் அவர் காலையில் கிளம்பிவிடுவார், அவர் கண்ணில் எதுவும் படாது. ஊரடங்கில் எல்லாம் அவர் கண் முன்னாலேயே நடந்தது, நடுவில் அந்தக் கதவு மட்டும்.

திருப்பம் என் ஆபீஸ் புண்ணியத்தில் வந்தது. ஒருநாள் முழுக்கப் பயிற்சி வகுப்பு, கேமரா கட்டாயம். "இன்னைக்கு ரூம் எனக்கு" என்று உள்ளே போய்த் தாழ் போட்டுவிட்டேன். வெளியே நடந்ததெல்லாம் காதில் விழுந்தது. எழுந்து போகவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் மனுஷன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "இவன் தினமும் இப்படித்தான் கூப்பிடுவானா?"

"ஏன், ரூமுக்குள்ள கேட்கலையா?" என்றேன்.

அதற்குப் பிறகுதான் முறை வைத்தோம். மதியம் வரை கதவு எனக்கு, பிறகு அவருக்கு. வெளியே இருப்பவர் பையனைப் பார்க்க வேண்டும், பாத்திரமும் அவர் பொறுப்பு. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஆபீஸ் வேலைக்கு நடுவுல அவன் பாத்திரம் தேய்க்கணுமா?" என்று கேட்டார். "நான் தேய்க்கலையா அத்தை?" என்றதற்குப் பதில் வரவில்லை, டிவி சத்தம்தான் கொஞ்சம் கூடியது.

எங்களுடையது சொகுசான சண்டை, அது தெரியும். சண்டை போடவாவது ஒரு கதவு இருந்தது, நெட் இருந்தது, மாதச் சம்பளம் நிற்கவில்லை. வீட்டுக்குள் பெண்கள் மீதான வன்முறை பயங்கரமாகக் கூடிவிட்டது என்று ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ் 2020 ஏப்ரலில் தனியாக ஒரு வேண்டுகோளே விடுத்தார். அந்த வீடுகளில் சாத்திய கதவுக்கு அர்த்தமே வேறு. அதனால்தான் "அந்த நாட்கள் பொற்காலம்" என்று மொத்தமாக எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. யாருக்குப் பொற்காலம் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

பள்ளி திறந்ததும் எங்கள் முறை கலைந்துபோனது. பாத்திரம் மட்டும் இன்றைக்கும் அவர்தான். அவருக்குத் திடீரென்று ஞானோதயம் என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் அடிப்பிடித்த சட்டியை அரைகுறையாகத் தேய்த்து வைப்பார். நான் மறுபடி தேய்க்கவில்லை, அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன்.