ஊரைத் திட்டித் தீர்த்த ஆளோட பேரு

ருமேனியாவுல ஆம்பளப் பசங்களுக்கு ஓவிடியுன்னு பேரு வைப்பாங்க, செல்லமா ஓவி. பேருக்கு அர்த்தம் சொல்ற சைட்டுல தேடுனா "ஆடு மேய்ப்பவன்"னு வரும். அது வெறும் யூகம், விட்டுத்தள்ளுங்க. எந்த அப்பா அம்மாவும் ஆட்டை நெனச்சு இந்தப் பேரை வைக்கல, வச்சது ரோமானியக் கவிஞர் ஓவிடுக்காக. பூப்லியுஸ் ஓவிடியுஸ் நாசோங்கிறது முழுப்பேரு, அதுல ஓவிடியுஸ் குடும்பப் பேருதான், கடைசி 'ஸ்' உதிர்ந்து ருமேனியாவுல ஆளு பேராயிடுச்சு.

கூத்து இனிமேதான். கி.பி. 8ல அகஸ்டஸ் சக்கரவர்த்தி இவரை கருங்கடல் ஓரம் தோமிஸ்ங்கிற ஊருக்கு நாடு கடத்துறாரு, இன்னைக்கு அது ருமேனியாவுல இருக்கிற கான்ஸ்டன்ட்சா. ஒரு கவிதையும் ஒரு தப்பும்தான் காரணம்னு அவரே எழுதியிருக்காரு, என்ன தப்புன்னு மட்டும் கடைசிவரை வாயே திறக்கல. அங்க உக்காந்து மனுஷன் பொலம்பின பொலம்பல் இருக்கே, குளிர்ல ஒயின் உறைஞ்சு ஜாடி ஷேப்லயே நிக்குதாம், ஊத்த முடியாம துண்டு துண்டாக் குடுக்குறாங்களாம், தாடியில பனி தொங்குதாம், சுத்தி இருக்கிறவன் பூரா காட்டுமிராண்டியாம். திருப்பிக் கூப்பிடுங்கன்னு கெஞ்சிக் கெஞ்சி எழுதி அங்கயே செத்தும் போனாரு.

இப்படி வைதவரு பேரைப் போய் புள்ளைக்கு வைப்பாங்களான்னா, இது ஊர்ப்பாசத்துல வந்த பேரே இல்லங்கிறதுதான் என் கட்சி. கவிஞர் பேரையே வச்ச மொழி அறிஞர் ஓவிட் டென்சுஷியானு 1873ல, இன்னைக்கு ருமேனியாவுல இருக்கிற ட்ரான்சில்வேனியாவுல பொறந்தாரு. கான்ஸ்டன்ட்சா இருக்கிற டோப்ருஜாப் பகுதி ருமேனியா கைக்கு வந்ததே 1878லதான், அதுவரை துருக்கிக்காரன்கிட்ட. ட்ரான்சில்வேனியாவுல அப்ப ஹங்கேரி ஆட்சி, இயோன்னு பேரு குடுத்தா பதிவேட்டுல யானோஷ்னு ஹங்கேரிக்காரன் பேரா ஏறிடும். ஓவிடியு, லிவியு, ட்ரையான்னு பச்சை லத்தீன் பேரா வச்சா அதிகாரிக்கு சட்டுனு மாத்திப் போட கைவசம் பேரு இல்ல, கூடவே நாங்க ரோம் வம்சம்டான்னு சொன்ன மாதிரியும் ஆச்சு. செம மூளை!

கான்ஸ்டன்ட்சாவுல சிலை வந்தது அப்புறம்தான், 1887ல. இத்தாலி சிற்பி எட்டோரே ஃபெராரி செஞ்சது, தாடையில கை வச்சு குனிஞ்சு யோசிச்சுக்கிட்டு நிக்கிறாரு, பீடத்துல தன் கல்லறைக்குன்னு அவரே எழுதி வச்ச வரிங்க. இப்ப அந்த ஊரு யுனிவர்சிட்டிக்கும் அவர் பேருதான்.

2017ல ரோம் மாநகராட்சி தீர்மானம் போட்டு நாடுகடத்தலை ரத்து பண்ணுச்சு, செத்து ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு. அதெல்லாம் போட்டோவுக்குங்க. அவரை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சவங்க ட்ரான்சில்வேனியா அப்பன் ஆத்தாங்க, அதுவும் ரோம் முழிச்சுக்கிறதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே.