உழைச்சா வரி, சொத்து தானா வளந்தா வரி இல்லையா?

வரியைப் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் ரெண்டே நிமிஷத்துல அதே இடத்துல போய் முட்டிக்குது. ஒருத்தர் "வரி போடுறதே கொள்ளை, அரசாங்கம் எவ்வளவு சின்னதா இருக்கோ அவ்வளவு நல்லது"ம்பாரு, இன்னொருத்தர் "பணக்காரன்கிட்ட இருக்குறத எல்லாம் புடுங்கு"ம்பாரு. நேத்தும் அதேதான். கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர்கூட ஒரு மணி நேரம் கத்துனேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கல, அதான் எழுதுறேன்.

அவரு திரும்பத் திரும்ப சொன்னது ஒண்ணுதான். "நான் உழைச்சு சம்பாதிச்ச காசுல கை வைக்க இவங்க யாரு?" அண்ணே, எனக்கு வயிறு எரியுறதே அந்த "உழைச்சு" ங்கிற இடத்துலதான். உழைச்சு வர்ற காசு மேலதான் வரி முழுசா விழுது. படுத்துத் தூங்கும்போது தானா வளர்ற சொத்து மேல விழ மாட்டேங்குது. நீங்க அரசாங்கத்தைத் திட்டுறீங்க சரி, ஆனா யாருக்காகத் திட்டுறீங்கன்னு கொஞ்சம் யோசிச்சீங்களா?

சம்பளம் வாங்குறவன் நிலைமையப் பாருங்க. காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரியப் புடிச்சிடுறாங்க. இந்தப் பழக்கம் பெரிய அளவுல வந்தது இரண்டாம் உலகப்போர் நேரத்துல, அமெரிக்காவுல 1943, பிரிட்டன்ல 1944. அமெரிக்காவுல அந்த ஏற்பாட்ட உருவாக்குனதுல பங்கு இருந்தவங்கள்ல ஒருத்தர் மில்டன் ஃப்ரீட்மேன்ங்கிற பொருளாதார நிபுணர், அதே ஆளுதான் பின்னாடி அரசாங்கம் சின்னதாத்தான் இருக்கணும்னு காலம் முழுக்க வாதாடுனவரு. நாம செஞ்சதுனாலதான் அரசாங்கம் வளர வழி கெடச்சுதுன்னு அவரே பிற்காலத்துல வருத்தப்பட்டாரு. சுருக்கமா சொன்னா, சம்பளக்காரன் ஒளிய இடமே கிடையாது. ஒரு வருஷம் பேங்க் வட்டி ஒரு சின்னத் தொகை, கணக்குல காட்ட மறந்துட்டேன். நோட்டீஸ் வந்துச்சு, வட்டி போட்டு அபராதமும் போட்டு கட்டுனேன். தப்பு என்னோடதுதான், கட்டுனதுல எனக்குக் கோவம் இல்ல. கோவம் எதுலன்னா, அந்தக் கண்ணு மேல பாக்கவே மாட்டேங்குதே அதுலதான்.

மேல என்ன நடக்குதுன்னா, ஒருத்தர்கிட்ட கம்பெனிப் பங்கு மலையா இருக்கு, வருஷா வருஷம் மதிப்பு ஏறுது, விக்காத வரைக்கும் அது "வருமானம்" கிடையாதுன்னு பெரும்பாலான நாடுகள்ல சட்டம் சொல்லுது, அதனால அவர் விக்கவே மாட்டாரு, அந்தப் பங்கையே அடமானம் வச்சு கடன் வாங்கி ராஜா மாதிரி செலவு பண்ணுவாரு, கடன் வருமானம் இல்லையே, அதுக்கும் வரி இல்ல. செத்தா பிள்ளைங்களுக்குப் போகும். அமெரிக்காவுல அந்த இடத்துல வாங்குன விலையவே, செத்த அன்னிக்கு இருக்குற விலையா மாத்தி எழுதிடுவாங்க, அதுவரைக்கும் ஏறுன லாபத்துக்கு வருமான வரின்னு ஒண்ணு இல்லாமலே போயிடும். 2021ல புரோபப்ளிகா பத்திரிகை கசிஞ்ச வரிக் கணக்குகள வச்சு வெளியிட்டத அண்ணன்கிட்ட எடுத்துச் சொன்னேன். அங்க இருக்குற முதல் 25 பணக்காரங்க சொத்து 2014லேர்ந்து 2018 வரைக்கும் 40,100 கோடி டாலர் ஏறியிருக்கு, அந்த அஞ்சு வருஷத்துல அவங்க கட்டுன மத்திய வருமான வரி 1,360 கோடி. கணக்குப் போட்டா 3.4 சதவீதம்! 2011ல அமெரிக்காவோட பெரும் பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே, என் ஆபீஸ்ல இருக்குற எல்லாரையும் விட நான்தான் கம்மியான விகிதத்துல வரி கட்டுறேன்னு வெளிப்படையா எழுதுனாரு. அவருக்கு 17.4 சதவீதம், மத்தவங்களுக்கு சராசரி 36.

"சட்டப்படிதானே பண்றாங்க"ன்னாரு அண்ணன். ஆமா, சட்டப்படிதான், நான் இல்லன்னே சொல்லல. திருட்டுன்னா புடிச்சு ஜெயில்ல போடலாம், இது எழுதி வச்ச விதி, இத எப்படிப் புடிப்பீங்க?

அப்புறம் அவரு ஒரு நல்ல கேள்வி கேட்டாரு, அத மதிக்கணும். "விக்காத பங்கு மதிப்பு ஏறுனதுக்கே வரி போட்டா, பங்கு விலை அடுத்த வருஷம் விழுந்துட்டா வாங்குன வரியத் திருப்பித் தருவாங்களா?" நியாயமான சந்தேகம். ஒருத்தரோட மொத்த சொத்து மதிப்பு மேல வருஷா வருஷம் வரி போட்டுப் பாத்த பணக்கார நாடுகள்ல நிறையப் பேரு கைவிட்டுட்டாங்க, ஓஈசிடிங்கிற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேந்த அமைப்புல 1990ல 12 நாட்டுல இருந்தது 2017ல நாலாச்சு, ஸ்வீடனே 2007ல எடுத்துடுச்சு. மதிப்பு போடுறது கஷ்டம், காசு வேற நாட்டுக்கு ஓடிடும், விதிவிலக்கு குடுத்துக் குடுத்து சல்லடை ஆயிடும். இதெல்லாம் உண்மைதான். ஆனா அடமானம்னு வந்தா மட்டும் பேங்க் அதே பங்குக்கு உடனே மதிப்பு போட்டு கோடிக்கணக்குல கடன் குடுக்குதே, அப்ப எங்க போச்சு அந்தக் கஷ்டம்? கடனுக்கு மதிப்பு இருக்குற பொருளுக்கு வரிக்கு மட்டும் மதிப்பு இல்லாமப் போயிடுமா? அட வருஷா வருஷம் வேணாம், அடமானம் வைக்கிற அன்னிக்கு, இல்ல வாரிசு கைக்குப் போற அன்னிக்காவது வாங்குங்களேன்!

சின்ன அரசாங்கம் வேணும்னு சொல்றவங்க மேல எனக்கு வெறுப்பு இல்ல. அதிகாரம் பெருசானா ஆட்டம் போடும்னு அவங்க பயப்படுறதுல நியாயம் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு மட்டும் வரிச்சலுகை குடுக்குறதும் அரசாங்கம் காசு செலவு பண்றதுதானே, அத ஏன் யாரும் எண்ண மாட்டேங்குறாங்க? அயர்லாந்து ஆப்பிள் கம்பெனிக்குக் குடுத்த சலுகை சட்டவிரோதம், 1,300 கோடி யூரோவத் திரும்ப வாங்குன்னு ஐரோப்பிய ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2016ல சொன்னப்ப, அந்த நாட்டு அரசாங்கமே எங்களுக்கு அந்தக் காசு வேணாம்னு கோர்ட்டுக்குப் போச்சு. கடைசியில 2024லதான் வாங்கியே ஆகணும்னு தீர்ப்பு வந்துச்சு. வாங்க வேண்டியவனே வேணாம்னு எட்டு வருஷம் வழக்கு நடத்துறான்! என்னை மாதிரி ஒருத்தனுக்கு ஒரு மாசம் தவணை தள்ளிக் குடுப்பாங்களா? 2008ல பேங்குங்க கவுந்தப்ப 70,000 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்க அமெரிக்காவுல சட்டம் போட்டாங்க, அன்னிக்கு மட்டும் அரசாங்கம் பெருசா இருந்தது பரவால்லயா?

ஏழைங்க வரியே கட்டுறதில்லன்னு வேற சொல்றாங்க, அதக் கேட்டா பத்திக்கிட்டு வருது. வாங்குற ஒவ்வொரு பொருள்லயும் வரி ஒளிஞ்சிருக்கு. வர்றத முழுசா செலவு பண்ணியே ஆகணும்ங்கிறவனுக்கு மொத்த வருமானத்துலயும் அது விழுது, பத்துல ஒரு பங்கு கூட செலவாகாதவனுக்கு அந்தப் பத்துல ஒண்ணுல மட்டும். பணக்காரங்க தங்க வருமான விகிதத்துக்கு மேல கொஞ்சம் கூடக் குடுத்தா அதுல ஒண்ணும் பெரிய தப்பில்லன்னு 1776லயே எழுதுனது சந்தைப் பொருளாதாரத்தோட தந்தைன்னு சொல்ற ஆடம் ஸ்மித், கம்யூனிஸ்ட் இல்ல.

எனக்கு ஆத்திரத்த விட வேதனை எதுல தெரியுமா? அண்ணனுக்கும் எனக்கும் சம்பளம் ஒரே நாள்லதான் வருது, ஒரே மாதிரிதான் புடிக்கிறாங்க, ரெண்டு பேரும் அடமானம் வைக்க பங்கு இல்லாதவங்க. ஆனா அவரு வாதாடுறது, அவரு பேரு கூடத் தெரியாத ஆளுங்களுக்காக. நாளைக்கு மறுபடி ஆரம்பிப்பாரு, எனக்குத் தெரியும். இந்தத் தடவை வேற எதுவும் பேசப் போறதில்ல, அந்த அடமானக் கேள்விய மட்டும் கேப்பேன், பதில் வர்ற வரைக்கும் எந்திரிச்சுப் போக விடமாட்டேன்.